பத்துக்கு எட்டு, பஸ் ஸ்டாண்டு எதிரில்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, சந்தோஷம் வந்தால் கை நிற்காது. வாயால் நான் கெட்டது கொஞ்சம்தான். கையால் கெட இருந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

சங்கரன்கோவிலில் ஒரு பிளக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக டிசைனராக இருக்கிறேன். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று இந்த ஊர்க்காரர்களின் நல்லது கெட்டது அத்தனையும் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்கு வரும். என் வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். போட்டோ கொடுக்க வந்தவர், என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இந்த ரோஸ் கண்ணைக் குத்துது, கொஞ்சம் கொறைங்க" என்று வந்தபோதெல்லாம் குறை சொன்னார். குறை சொன்ன மனுஷனையே கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவருக்கு ஒரு வெளிநாட்டுச் செய்தி டிவியில் கேமராமேன் வேலை கிடைத்தது.

அவர் போன நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே ஒரு மருந்துக்கடை வாசலில் நின்ற வரிசையை அவர் படம் பிடித்தார். நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடே கிடையாது என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த வாரம் அது. வரிசையோ தெரு முனை திரும்பி அடுத்த தெருவரைக்கும் போனதாம். அன்று சாயங்காலமே அவரையும், கூட இருந்த நிருபரையும், அவர்களுக்கு வண்டி ஓட்டிய அந்த ஊர் டிரைவரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று பேரும் உளவாளிகளாம். பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்கிற மனுஷன் உளவாளியாம்! கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பதினான்கு மாதம். முதல் மாதம் ஊரே வீட்டுக்கு வந்தது. மனு கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம், மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்தோம். அதன் பிறகு, "என்னம்மா, தகவல் உண்டா?" என்று கேட்பதற்கே ஊருக்குச் சங்கடமாகிவிட்டது. என்னைக் கண்டால் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிப் போனவர்கள்கூட உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பதினான்கு மாதத்தில் இரண்டே இரண்டு தடவை அவர் குரலைக் கேட்டேன். இரண்டு தடவையும், "நல்லாருக்கேன், அம்மாவப் பாத்துக்கோ" என்பதற்குள் லைன் போய்விட்டது.

அப்படி இருக்கையில், ஆவணி மாதம், கல்யாண ஆர்டர்கள் கழுத்தை நெரிக்கிற சமயத்தில், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு சென்னையிலிருந்து மேடம் கூப்பிட்டார். என் வீட்டுக்காரருடைய டிவி கம்பெனி சார்பில் எங்களோடு பேசுகிறவர் அவர். எப்போதும் நிதானமாகப் பேசுவார். அன்றைக்குக் குரல் வேறு மாதிரி இருந்தது.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா? வெளிய வாங்க" என்றார். கடைக்குப் பின்னால் போய் நின்றேன். "நாளைக்கு அவரை விடுறாங்க. அவரை மட்டும்தான் இப்போதைக்கு. காலைல ஏர்போர்ட்டுக்குக் கொண்டு போவாங்க. நம்ம நேரம் ரெண்டு மணிக்கு அவர் வேற நாட்டுல இறங்கியிருப்பார். இறங்கினதும் உங்களுக்குத்தான் முதல் போன்."

"நெசமாவா மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

"ஒண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்கோங்க" என்று மேடம் தொடர்ந்தார். "அவர் இறங்குற வரைக்கும் இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. போன வருஷம் இன்னொரு கேமராமேனை இப்படித்தான் விடுறதா இருந்தாங்க. அவங்க ஊர்ல யாரோ பேஸ்புக்ல போட்டுட்டாங்க. தாங்களாத்தான் மன்னிச்சு விட்டதா காட்டணும்னு நினைக்கிற அரசாங்கம் அது. முன்னாடியே தெரிஞ்சதும் கோபத்துல மறுபடியும் உள்ள கொண்டு போயிட்டாங்க. அந்த ஆள் இன்னும் வெளிய வரல. உங்க மாமியார்கிட்டகூட சொல்லக் கூடாது. புரியுதா?"

"புரியுது மேடம், புரியுது மேடம்" என்று நாலைந்து தடவை சொன்னேன். உள்ளே வந்து உட்கார்ந்தேன். திரையில் ஒரு காதுகுத்து பிளக்ஸ் பாதியில் நின்றது. குழந்தையின் தாய்மாமன்கள் ஐந்து பேரையும் கத்தரித்து வரிசையில் நிறுத்த வேண்டும். இரண்டாவது தாய்மாமனுக்கு மூன்றாமவரின் தலையை ஒட்டிவிட்டேன். மனசு எங்கே இங்கே இருக்கிறது? எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. வாரார், வாரார், எம் புருஷன் வாரார் என்று ரத வீதி நான்கையும் சுற்றி ஓட வேண்டும் போலிருந்தது. சொல்லக் கூடாதென்றால் மனுஷி எப்படித்தான் அடக்குவாள்?

மத்தியானம் முதலாளி அண்ணாச்சி சாப்பிடப் போனார். கடையில் நான் மட்டும். புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தேன். யாருக்கும் காட்டப் போவதில்லை, எனக்காக மட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். அவருடைய கட்டம் போட்ட சட்டைப் படத்தை நடுவில் பெரிதாக வைத்தேன். பின்னால் நீல வானம், மேகம், ஓர் ஏரோப்பிளேன். கால்மாட்டில் ஒரு சிங்கம். மேலே எழுத்து: "சிறை மீண்டு வரும் சிங்கமே!" அதன் கீழே, தூரத்துப் பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவில், "வருக! வருக!" அடியில், வழக்கமாக வைப்பவர்களின் பெயர்களைப் போடும் இடத்தில், "இவண்: வீட்டுக்காரி." முடித்துவிட்டுப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அழகாக நான் பிளக்ஸ் போடவில்லை. அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று சேவ் பண்ணி மூடினேன்.

இங்கேதான் என் கை என்னைக் காட்டிக்கொடுத்தது. எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்த பிளக்ஸைப் 'பிரிண்ட்' என்ற ஃபோல்டரில் போட்டுவிட வேண்டும். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போதே அளவையும், எந்த இடத்தில் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் போட்டுவிடுவோம். நான் வீட்டுக்குப் போன பிறகு மெஷின் பார்க்கிற தம்பி வந்து, அந்த ஃபோல்டரில் இருக்கிற எல்லாவற்றையும் அடித்துவிடுவார். யாரிடமும் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டாம். விடியற்காலையில் கட்டுகிறவர்கள் வந்து, பெயரைப் பார்த்து, அந்தந்த இடத்தில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். ஒன்பது வருடமாக ஒரு நாளைக்குப் பத்து ஃபைல். கைக்குத் தெரிந்தது அந்த ஒரு ஃபோல்டர்தான். எனக்காக மட்டும் என்று செய்ததைக் கொண்டுபோய் அதற்குள்ளேயே போட்டிருக்கிறேன். பெயர் வைக்காமலாவது விட்டேனா? "பத்துக்கு எட்டு, பஸ் ஸ்டாண்டு எதிரில்" என்று வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கருவேப்பிலை வாங்கப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். மனசு றெக்கை கட்டிப் பறந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்கு இன்னும் ஏழே கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் நிற்கிறார். பத்தடி அகலம், எட்டடி உயரம். காலடியில் சிங்கம்.

ஐயையோ என்று வாய்விட்டு அலறிவிட்டேன். முதலில், மேடம்தான் யாரிடமோ சொல்லிவிட்டார் என்று அவர்மேல் பாய்ந்தது கோபம். அடுத்த நொடி "இவண்: வீட்டுக்காரி" கண்ணில் பட்டது. என்னைத் தவிர உலகத்தில் வேறு யார் அப்படிப் போடுவார்கள்? வாங்கிய கருவேப்பிலையைத் தரையில் போட்டது எனக்கே தெரியாது. பாவி மகளே, உன் கையாலேயே அவரை மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டாயே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பிளக்ஸுக்குக் கீழே மூன்று பேர் நின்றார்கள். டீக்கடைக்காரர், ஓர் ஆட்டோக்காரர், பூ மார்க்கெட்டுக்குப் பிச்சிப்பூ மூட்டையோடு போகிற வியாபாரி ஒருவர். மூன்று பேர் கையிலும் போன். ஆட்டோக்காரர் செல்பியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"எக்கா! அண்ணன் வாராரா? சொல்லவே இல்லியே! என்னைக்கு?" என்றார், முகமெல்லாம் பல்லாக.

"வரலை! ஒருத்தரும் வரலை! கடையில தப்பா அடிச்சிட்டாவ. படத்தை அழி, இப்பமே அழி!"

"என்னக்கா, இவ்வளவு பெரிசா தப்பா அடிப்பாவளா?"

"ஏலே, அழியின்னா அழிலே! வெளக்கம் கேக்க நேரம் இல்ல எனக்கு!"

நான் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர் என் கண்முன்னாலேயே அழித்தார். டீக்கடைக்காரரின் போனை நானே பிடுங்கி அழித்தேன். பூ வியாபாரிதான் மெதுவாக, "நான் ஸ்டேட்டஸ்ல வச்சிட்டேனே தாயி" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தேன். பதினோரு பேர் பார்த்திருந்தார்கள். எடுத்துவிட்டேன். அந்தப் பதினோரு பேரில் யாராவது அதை வேறெங்கும் அனுப்பினார்களா என்பது எங்கள் ஊர்க் கோமதியம்மனுக்குத்தான் வெளிச்சம்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டு எதிர்ல கட்டுன ஒண்ண உடனே எறக்கணும். ஆளுகள வரச்சொல்லுங்க."

"ஆளுக ஏணியைத் தூக்கிட்டுப் புளியங்குடி போயிட்டானுவளே. எதை எறக்கணும்? எழுத்துப் பிழையா?"

"நான் எதுவும் சொல்லக் கூடாது அண்ணாச்சி. அது நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ஐந்து நிமிடத்தில் சைக்கிளில் வந்துவிட்டார். பிளக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வேர்த்து நனைந்து நிற்கிற கோலத்தில் அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, காரணம் கேட்கவில்லை. முப்பது வருடமாக இந்த ஊரின் சுவர்களோடு பழகியவர். "எறக்காத" என்றார். "பார்த்தவன் பார்த்துட்டான். எறக்குனாத்தான் ஏன் எறக்குனாவன்னு சாயங்காலம் வரைக்கும் பேசுவான். ஒட்டுப் போடு. ஒரு எழுத்து தப்பாப் போச்சுன்னா என்ன செய்வோம்? அந்த இடத்துக்கு மட்டும் துண்டு அடிச்சு மேல ஒட்டுவோம்லா. என்ன எழுதணும்னு மட்டும் யோசி."

கடைக்கு ஓடினோம். ஷட்டரைத் தூக்கி, மெஷினைப் போட்டு, அது சூடாவதற்குள் எனக்கு நூறு யோசனை. ஜெயிலில் இருக்கிற மனுஷனுக்கு எதற்காக ஒருத்தி பிளக்ஸ் வைப்பாள்? எங்கள் ஊரில் எதற்கெல்லாம் வைக்கிறார்கள் என்று ஒன்பது வருடத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பிறந்தநாள்! நாய்க்குட்டிக்கே பிறந்தநாள் பிளக்ஸ் போட்டுக் கொடுத்தவள் நான். "சிறை மீண்டு வரும்" என்பதை மறைக்கிற மாதிரி "பிறந்தநாள் காணும்" என்று ஒரு துண்டு. "வருக! வருக!" என்பதை மறைக்க "வாழ்க! வாழ்க!" என்று இன்னொரு துண்டு. "சிங்கத்த என்ன செய்ய?" என்று கேட்டேன். "அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

அவசரத்தில் நீல மை சரியாக இறங்கவில்லை. பிளக்ஸில் இருந்த வானம் ஒரு நீலம், துண்டில் வந்தது வேறொரு நீலம். மறுபடி அடிக்க நேரமில்லை. எலக்ட்ரிக் கடையில் ஏணி வாங்கி, அறுபது வயது மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறி ஒட்டினார். நான் கீழே நின்று, "இடது பக்கம், இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று கத்தினேன். எட்டே காலுக்கு என் வீட்டுக்காரர் பிறந்தநாள் காணும் சிங்கமாகிவிட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஊர் விடுமா? "ஜெயில்ல இருக்கவனுக்குப் பொறந்தநாளா?" என்று ஒருவர் கேட்டார். "ஜெயில்ல இருந்தா வயசு ஏறாதா?" என்று கேட்டேன். அவர் போய்விட்டார். ஆனால் மற்றவர்கள் கேட்கவில்லை. பதினான்கு மாதமாக என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கிப் போனவர்களுக்கு, பேச ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. வாழ்த்துகள் வந்து குவிந்தன. ஒட்டுப் போட்ட பிளக்ஸை ஆளாளுக்குப் படம் பிடித்துப் போட்டார்கள். "எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்ணே" என்று துபாயிலிருந்துகூட யாரோ போட்டார்கள். பத்து மணிக்குள் கடைக்கு மூன்று கேக் வந்துவிட்டது. ஒரு கண் கேக்கிலும் ஒரு கண் கடிகாரத்திலுமாக நின்றேன்.

அப்போது பார்த்து என் மாமியார் வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். நேரே பிளக்ஸுக்குக் கீழே போய் நின்று, இடுப்பில் கை வைத்து, பஸ் ஸ்டாண்டு முழுவதும் கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

"ஏட்டி! என்னத்தட்டி எழுதி வச்சிருக்க? எம் மவன் பொறந்தது தை மாசம்லா! பூசம் முடிஞ்ச மக்யா நாளு! ஆவணியில எவன் பொறந்தான்?"

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டு வந்தேன். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. மேடம் சொன்ன அந்த இன்னொரு கேமராமேன் ஞாபகத்துக்கு வந்தார். விழுங்கிக்கொண்டேன்.

"அத்தை, அவருக்கு இன்னைக்குத்தான் பொறந்தநாளு" என்றேன். "நான் சொல்லுதேன். இன்னைக்குத்தான்."

மாமியார் என் முகத்தையே பார்த்தார். எங்கள் இருவருக்கும் அவ்வளவு ஒத்துப் போகாது. குழம்புக்கு உப்பிலிருந்து எல்லாவற்றுக்கும் சண்டைதான். ஆனால் அன்றைக்கு என் முகத்தில் அவர் எதைப் படித்தாரோ, கேட்க வந்ததைக் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"ஆமாய்யா, ஆவணிதான். கெழவிக்கு மறந்து போச்சு. எம் மவனுக்கு இன்னைக்குத்தான் பொறந்தநாளு" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். "கத்தி எங்கட்டி? கேக்க வெட்டு. எல்லாருக்கும் குடு." அந்த நிமிடம் அவர் காலில் விழ வேண்டும் போலிருந்தது எனக்கு.

இரண்டு மணி ஆனது. போன் வரவில்லை. இரண்டரை. மூன்று. மேடத்தைக் கூப்பிட்டால் பிஸி, பிஸி, பிஸி. நாலு மணிக்கு எடுத்து, "அந்தப் பிளைட்ல அவர் ஏறல. ஏன்னு தெரியல. பார்த்துட்டிருக்கோம், வைங்க" என்று வைத்துவிட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அனுப்பியிருக்கிறார். என் பிளக்ஸ்தான். என் கைதான். மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து கோமதியம்மன் பெயரையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்று கடைசிவரை என்னைக் கேட்கவே இல்லை. அண்ணாச்சி வந்த ஆர்டர்களையெல்லாம் "நாளைக்கு, நாளைக்கு" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஐந்து. ஐந்தரை. ஆறு.

ஆறு நாற்பதுக்குப் போன் அடித்தது. என்னவோ பெரிய நம்பர். காதில் வைத்தேன். சத்தமே இல்லை. பிறகு ஒரு குரல்.

"ஏட்டி, சிங்கம் பேசுதேன்."

நான் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடையில் கிளாஸ் உடைந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். "ஏங்க! எங்க இருக்கீங்க? எங்க?" என்று கத்துகிறேன். "எறங்கியாச்சு. வேற நாடு. வெளிய வந்துட்டேன். அம்மா எங்க?" மாமியாரிடம் போனைக் கொடுத்தேன். "எய்யா, எய்யா" என்பதைத் தவிர அவருக்கு வார்த்தை வரவில்லை. அண்ணாச்சி மிச்சமிருந்த கேக்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வாரார், வாரார் என்று இப்போது கத்தலாம் அல்லவா? நான் நாலு ரத வீதியும் ஓடவில்லை, ஆனால் தேரடி வரைக்கும் ஓடினேன், செருப்பில்லாமல். பூக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஓடி முடித்து மூச்சு வாங்க நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சிங்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் வந்தார். பாதியாக இளைத்திருந்தார், பல் ஒன்று இல்லை. வந்தவர்களெல்லாம் போன பிறகு, மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார்.

"ஏர்போர்ட்டுல ஒரு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனான் ஒரு ஆபீசர். போனை நீட்டுதான். பாத்தா நம்ம பஸ் ஸ்டாண்டு, நான் நிக்கேன்! எவனோ துபாய்க்காரன் போட்டதாம். நம்ம எழுத்தைப் போன்ல மொழிபெயர்த்து வச்சிருக்கான். 'நீ சிங்கமா? இன்னைக்கு உனக்குப் பிறந்தநாளா?'ன்னு கேட்டான். பாஸ்போர்ட்டு அவன் கையில இருக்கு. அதுல ஜூன் ஒண்ணுன்னுலா இருக்கு!"

பாஸ்போர்ட்டை நான் நினைக்கவே இல்லை.

"நான் சொன்னேன், அது பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியாரு எழுதுன தேதி. எங்க ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான். அம்மா பெத்த தேதி இன்னைக்குன்னு. நாலு மணி நேரம் திருப்பித் திருப்பி அதையே கேட்டான். பிளைட்டு போயிட்டு. கடைசியில அவனே சிரிச்சிட்டான். அவனுக்கும் ஜனவரி ஒண்ணுன்னுதான் எழுதியிருக்காம். அவங்க ஊர்லயும் பாதிப் பேருக்கு அதே தேதிதானாம். 'சரி, போ'ன்னுட்டான்."

"என் கோட்டித்தனத்தால, கிறுக்குத்தனத்தால உங்கள மறுபடியும் உள்ள வச்சிருப்பானே!" என்று தலையில் கை வைத்தேன்.

"இல்லட்டி. அதாலதான் எனக்கு உசுரு வந்துது" என்றார். "இதுக்கு முன்ன மூணு தடவை, வீட்டுக்குப் போற கிளம்புன்னு வண்டியில ஏத்தி, ஊரைச் சுத்திட்டு மறுபடி அதே ரூம்ல கொண்டு போட்டானுவ. நாலாவதும் அப்படித்தான்னு இருந்தேன். ஏர்போர்ட்டுகூட நாடகம்னுதான் நெனச்சேன். இந்தப் படத்தைப் பாத்ததும் யோசிச்சேன். எம் பொறந்தநாளு உனக்கு மறக்காது. அப்ப நீ பொய் சொல்லுத. நீலம் வேற சேரல, ஒட்டு தெரியுது. அடியில எதையோ நீ மறைக்குத. நீ மறைக்கதுக்கு என்ன இருக்கு? நான் வாரது ஒண்ணுதான். அப்பதான் நம்புனேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "பாத்தீங்களா, கலர் சேரலன்னு எப்பவும் கொறை சொல்லுவீங்களே" என்று அவரை உலுக்கினேன். சிரித்தேன், பெருமையடித்தேன், அந்தக் காலை முழுவதையும் நடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான், நிருபர், டிரைவர் மூணு பேரும் ஒரே ரூம்தான்" என்றார். "அன்னைக்கும் மூணு பேரையும்தான் வண்டியில ஏத்துனானுவ. பாதி வழியில அவங்க ரெண்டு பேரையும் எறக்கித் திருப்பிக் கொண்டு போயிட்டானுவ. டிரைவர் போகும்போது என்னப் பாத்துச் சிரிச்சாரு. நானும் சாயங்காலம் அங்கன வந்துருவேன்னு நெனச்சுச் சிரிச்சாரு. ஒவ்வொரு தடவையும் யாரு பிந்தி வந்தாலும், அவங்க பங்கு ரொட்டியை எடுத்து வச்சிருப்போம்."



"அன்னைக்கும் எனக்கு எடுத்து வச்சிருப்பாரு" என்றார்.